சாயம் ஏறுவது பற்றி

தமிழில் சாயம் என்ற சொல்லுக்கு நல்ல பெயர் கிடையாது. ஒருவனுடைய நிஜ ரூபம் தெரிந்துவிட்டால் சாயம் வெளுத்துவிட்டது என்கிறோம். ஒரு கருத்தைச் சந்தேகத்துக்கு உள்ளாக்க, அதற்கு அரசியல் சாயம் பூசப்பட்டிருக்கிறது என்றால் போதும். நீலத் தொட்டியில் விழுந்து காட்டுக்கு ராஜாவான நரியின் கதையை ஐந்து வயதிலேயே குழந்தைக்குச் சொல்லிவிடுகிறோம். நம்முடைய விமர்சனத்திலும் இதுதான் நடக்கிறது. பிடிக்காத கவிதையைப் போலி, பாவனை, இரவல் நிறம் என்று எழுதிவிட்டு, அதற்குமேல் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை என்ற நிம்மதியில் இருந்துவிடுகிறோம். நானும் எழுதியிருக்கிறேன். இரண்டு மூன்று இடங்களில் கொஞ்சம் அதிகமாகவே எழுதியிருக்கிறேன். ஒரு பேனாக்கத்தியின் பிடிக்கு வீட்டில் சாயம் ஏற்ற உட்கார்ந்தபோதுதான் இந்தச் சொல்லை இத்தனை காலம் யோசிக்காமலே உபயோகித்து வந்திருக்கிறேன் என்று தெரிந்தது.

கத்தி என்னுடையது அல்ல. ஒரு நண்பருடையது. 1986-ல் ஐரோப்பா போய்வந்தபோது அவர் வாங்கியது. சிவப்புப் பிடி, பிடியில் கேடயமும் சிலுவையும். எல்லோருக்கும் தெரிந்த சுவிஸ் கத்தி. முப்பது வருஷத்துக்கு மேல் அவருடைய பையில் கிடந்தது. பழம் நறுக்குவார், பார்சல் கயிறு அறுப்பார், புதுப் புத்தகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் பக்கங்களைப் பிரிப்பார். விவாதம் சூடேறும்போது அதை வெளியே எடுத்து, திறக்காமலே, பிடியைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருப்பார். சிலுவைக்குச் சற்றுக் கீழே அந்தச் சிவப்பு பளபளப்பு போய், லேசாகப் பள்ளம் விழுந்திருந்தது. அவருடைய அபிப்பிராயங்களில் பலவற்றை நான் மறந்துவிட்டேன். அந்த இடம் நினைவிருக்கிறது.

2018-ல் ஒருநாள் எங்கள் வீட்டில் கத்தியை மறந்து வைத்துவிட்டுப் போனார். மறுநாள் அதைக்கொண்டு ஒரு வார்னிஷ் டப்பாவின் மூடியை நெம்பினேன். நழுவிக் கல்தரையில் விழுந்தது. பிடியின் ஒரு பக்கம், கட்டைவிரல் பள்ளம் இருந்த பக்கம், இரண்டாகப் பிளந்தது. ஒட்டிவிடலாம் என்று நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் ஒரு துளி விட்டேன். அதிலுள்ள அசிடோன் இந்தப் பிளாஸ்டிக்கைக் கரைக்கும் என்று எனக்குத் தெரியும். கரைந்தால் ஒட்டும் என்பது என் கணக்கு. ஒட்டவும் செய்தது. ஆனால் வழிந்த துளி பள்ளம் இருந்த இடத்தைப் பாகு மாதிரி இளக்கி, கோணலாக்கிவிட்டது. கத்தி விழுந்தது விபத்து. இதற்கு அந்தப் பெயர் கொடுக்க முடியவில்லை.

அந்த மாதமே நண்பர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். பார்க்கப் போயிருந்தபோது, வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று, "கத்தி உங்ககிட்டதானே இருக்கு?" என்றார். "பத்திரமா இருக்கு" என்றேன். அவர் தலையசைத்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். அவர் வீடு திரும்பவில்லை. சில மாதங்கள் கழித்து அவருடைய பையன் போன் செய்தான். "அப்பாவோட கத்தி உங்ககிட்ட இருக்குன்னு அம்மா சொன்னா, மாமா. அடுத்த மாசம் வரும்போது வாங்கிக்கறேன்."

நான் சாயம் ஏற்ற உட்கார்ந்தது இதற்காகத்தான். கத்தியை ரிப்பேர் செய்ய என்றுதான் அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில், ஆஸ்பத்திரியில் சொன்ன அந்த இரண்டு வார்த்தைகளைப் பின்தேதியிட்டு நிஜமாக்கப் பார்த்தேன்.

இந்தக் கத்தியின் பிடி ஒரே கட்டை அல்ல. உலோகச் சட்டத்தின் இரண்டு பக்கமும் இரண்டு தகடுகள். சட்டத்தில் உள்ள சின்னப் பித்தளைக் குமிழ்கள் தகட்டின் உட்புறக் குழிகளில் போய்க் கவ்விக்கொள்ளும். மெல்லிய அலகை இடுக்கில் கொடுத்து நிதானமாக நெம்பினால் தகடு கழன்று வந்துவிடும். புதியதை வைத்து அழுத்தினால் உட்கார்ந்துவிடும். புதிய தகடுகள் விலைக்குக் கிடைக்கின்றன, சிவப்பிலேயே. ஆனால் உடையாத இன்னொரு பக்கத்தில் முப்பது வருஷத்துச் சிவப்பு இருந்தது. கடைச் சிவப்பை அதன் அருகில் வைத்தால் ஒரு குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். எனவே வெள்ளைத் தகடு ஒரு ஜோடி வாங்கினேன். வெள்ளையிலிருந்து நான் வேண்டிய சிவப்புக்குப் போய்க்கொள்ளலாம் அல்லவா?

முதலில் பருத்திப் புடவைக்குப் போடும் சாயத்தைக் கரைத்து, உப்புப் போட்டு, தகட்டை முக்கால் மணி நேரம் ஊறவைத்தேன். எடுத்துக் கழுவியபோது என் விரல்கள் சிவந்திருந்தன. தகடு வெள்ளையாகவே இருந்தது.

இதற்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. இந்தத் தகடுகள் செல்லிடார் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. அதற்கு ஆதாரம் செல்லுலோஸ், அதாவது மரத்திலும் பருத்தியிலும் உள்ள அதே பொருள், அமிலங்களோடு சேர்ந்து குணம் மாறியது. இதன் நெருங்கிய உறவு செல்லுலோஸ் அசிடேட். ஸ்விட்சர்லாந்தின் பாஸல் நகரத்து டிரைஃபஸ் சகோதரர்கள் அதைத் தொழிலாக வளர்த்தவர்கள். முதல் உலக யுத்தத்தில் ஆகாய விமானங்களின் இறக்கைத் துணியை விறைப்பாக்க அந்தத் திரவம் வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் அரசு அவர்களை அழைத்து டெர்பிக்குப் பக்கத்தில் ஸ்பாண்டனில் ஆலை வைக்கச் செய்தது. யுத்தம் முடிந்ததும் இறக்கைகளுக்கு வேலை இல்லை. அதே பொருளை நூலாக இழுத்துச் செயற்கைப் பட்டு செய்தார்கள். பட்டு அழகாக இருந்தது. அதில் எந்தச் சாயமும் ஏறவில்லை. பருத்தியின் குடும்பத்தில் பிறந்த ஒன்று பருத்திச் சாயத்தையே மறுத்தது. 1920களின் தொடக்கத்தில் அதற்கென்றே புதுவகைச் சாயங்களைக் கண்டுபிடிக்க வேண்டிவந்தது. இன்று பாலியெஸ்டர் துணிக்குப் போடுவது இந்த வகைதான்.

இந்தச் சாயங்களின் சுபாவம் விசித்திரமானது. இவை தண்ணீரில் கரைவதில்லை என்றே சொல்லலாம். நுண்ணிய தூளாக மிதந்துகொண்டிருக்கும். தண்ணீர் வெறும் வாகனம். சூடு ஏற ஏறப் பிளாஸ்டிக்கின் உள்கட்டு தளர்கிறது. தண்ணீரில் இடம் கிடைக்காத சாயம் அங்கே போய்க் கரைகிறது. ஆறும்போது கட்டு இறுகுகிறது, சாயம் உள்ளே நின்றுவிடுகிறது. ரசாயனத்தில் இதைத் திடக்கரைசல் என்பார்கள். ஒரு திடப்பொருளுக்குள் இன்னொன்று கரைந்திருப்பது. சுரண்டினால் உரிந்து வர அங்கே படலம் எதுவும் இல்லை.

நம் சொல்வழக்கில் உள்ள குழப்பம் இங்கேதான் என்று தோன்றுகிறது. சாயம் பூசுவது என்கிறோம். சாயத்தை யாரும் பூசுவதில்லை. தறிக்காரர்களும் சாயப்பட்டறைக்காரர்களும் சாயம் ஏற்றுவது, தோய்ப்பது என்றே சொல்கிறார்கள். பூசுவது வர்ணம். வர்ணம் மேலே நிற்கிறது. சாயத்துக்கு அந்தப் பொருளின் சம்மதம் வேண்டும். சம்மதம் இல்லாவிட்டால் முக்கால் மணி நேரம் ஊறினாலும் கை மட்டும்தான் சிவக்கும். இரவல் நிறம் என்று நாம் யாரையாவது தூக்கி எறியும்போது, அது பூச்சா, ஏறியதா என்று கழுவிப் பார்த்தோமா என்ற கேள்வி இருக்கிறது. நான் கழுவிப் பார்த்ததில்லை.

இரண்டாம் தடவை பாலியெஸ்டர் சாயம் வாங்கினேன். பழைய அலுமினியப் பாத்திரம் ஒன்றை எடுத்தபோது, இனி அது சமையலுக்கு ஆகாது என்று வீட்டில் முன்கூட்டியே அறிவித்துவிட்டார்கள். தண்ணீர் கொதிக்கக் கூடாது. கொதித்தால் தகடு நெளிந்துவிடும், பிறகு குமிழ்களில் உட்காராது. ஆவி பறக்கும், குமிழி வராத அந்தச் சூட்டில் அடுப்பைக் குறைத்து வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். தகட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது. விரல் பட்ட இடம்கூடத் திட்டாகத் தெரியும். தகட்டை ஒரு கம்பியில் கோர்த்து விட்டு, ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை எடுத்து, கழுவி, துடைத்து, பழைய தகட்டின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முதலில் இளஞ்சிவப்பு. பிறகு குங்குமம். பதினைந்து நிமிஷத்தில் கடைச் சிவப்பு. ஒரு சிட்டிகை பழுப்புச் சாயம் சேர்த்தேன். இருபத்தைந்து நிமிஷத்தில் பழைய சிவப்பு அப்படியே வந்துவிட்டது. அந்த நிமிஷத்தில் எனக்கு உண்டான சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. நல்ல வரி ஒன்று விழும்போது உண்டாகும் அதே சந்தோஷம்தான்.

ஜோடியில் இன்னொன்றை ஏற்கனவே பரீட்சைக்குப் பலி கொடுத்திருந்தேன். அதை ரம்பத்தால் அறுத்துப் பார்த்தேன். விளிம்பில் காகித கனத்துக்குச் சிவப்பு. உள்ளே முழுவதும் வெள்ளை. உடைந்த பழைய தகட்டின் பிளவில் ஆழம் வரைக்கும் சிவப்பு. அது வார்க்கும்போதே நிறம் கலந்தது. பிறவி நிறம் ஒன்று, ஏறிய நிறம் ஒன்று. சற்று முன் கரைசல், சம்மதம் என்று பேசியதெல்லாம் காகித கனத்துக்குத்தான் உண்மை என்று ஆயிற்று. ஆனால் யோசித்தால், காகித கனம் என்பது குறைவா? நம்மில் எத்தனை பேருக்கு நம் நவீனத்துவம் அதைவிட ஆழமாக ஏறியிருக்கிறது? கையில் பிடித்து உபயோகிக்கிறவனுக்கு அந்தக் கனம் பல வருஷங்களுக்குப் போதும். அறுத்துப் பார்க்கிறவனுக்குத்தான் போதாது.

கத்திப் பிடிகளின் வரலாறே வேறொன்றாகத் தோன்றுவதின் வரலாறு என்று சொல்லலாம். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் மாட்டெலும்பைக் கொத்திக் கொத்தி, சாயமேற்றி, மான்கொம்பு போலச் செய்தார்கள். தந்தத்துக்கு மாற்றுத் தேடி அமெரிக்காவில் ஜான் வெஸ்லி ஹயட் செல்லுலாய்டுக்குக் காப்புரிமை பெற்றது 1870-ல். யானைத் தந்தத்தில் ஓடும் ரேகைகளைக்கூடச் செல்லுலாய்டில் ஓடவிட்டு, பிரெஞ்சு ஐவரி என்று பெயர் வைத்து விற்றார்கள். என் கையிலிருந்த கத்தியின் வம்சமும் அவ்வளவு சுத்தமல்ல. சுவிஸ் ராணுவத்துக்குப் போன முதல் தொகுதிக் கத்திகள் ஜெர்மனியில் ஸோலிங்கனில் செய்யப்பட்டவை. 1891-ல்தான் ஸ்விட்சர்லாந்தின் இபாக் கிராமத்துக் கார்ல் எல்ஸ்னர் அவற்றைச் செய்து கொடுக்கத் தொடங்கினார். பின்னால் விக்டோரினாக்ஸ் ஆனது அவருடைய பட்டறை. ராணுவச் சிப்பாயின் அந்தக் கத்திக்கு இருந்தது கறுத்த ஓக் மரப் பிடி. 1897-ல் எல்ஸ்னர் பதிவு செய்த ஆபீசர் கத்தியை ராணுவம் யாருக்கும் வழங்கவில்லை; வேண்டிய அதிகாரி சொந்தக் காசில் வாங்கிக்கொண்டார். உலகம் ராணுவக் கத்தி என்று கொண்டாடும் சிவப்புக் கத்தி அதன் வழியில் வந்தது.

பழைய செல்லுலாய்டுப் பிடிகளுக்கு ஒரு வியாதி உண்டு. காலப்போக்கில் சிதைந்து அமில ஆவியை விடும். அந்த ஆவி அதே கத்தியின் அலகைத் துருப்பிடிக்க வைக்கும். இதைப் படித்தபோது என் விமர்சன புத்தி உடனே துள்ளியது. பார், தந்தம் போல் நடித்த பொய், கடைசியில் தன் கத்தியையே தின்றுவிட்டது என்று எழுத எவ்வளவு சௌகரியம்! ஆனால் அது உண்மை அல்ல. செல்லுலாய்டு சிதைவது அதில் நைட்ரேட் இருப்பதால். தந்தம் போல் இருக்க ஆசைப்படாத செல்லுலாய்டும் அப்படியேதான் சிதையும். மாட்டெலும்பு இரண்டு தலைமுறை மான்கொம்பாக நடித்துவிட்டுச் சௌக்கியமாக இருக்கிறது. பொருள்கள் நம் நீதிபோதனைக்காகக் கெடுவதில்லை.

ஆக, நிறத்தை மாற்றியதில் என்ன குற்றம் என்று எனக்குத் தெரியவில்லை. அந்தத் தைரியத்தில்தான் அடுத்த காரியத்தில் இறங்கினேன்.

சிவப்பு பொருந்திவிட்டது. தகடு மட்டும் வழவழவென்று இருந்தது. பையன் அந்தக் கத்தியை எத்தனையோ தடவை பார்த்திருப்பான். பள்ளம் எங்கே என்று கேட்பான். எனவே நம்பர் நானூறு உப்புத்தாள் ஒன்றை எடுத்துச் சுருட்டி, சிலுவைக்குக் கீழே, நினைவிலிருந்த அதே இடத்தில், தேய்க்க ஆரம்பித்தேன். பளபளப்பு போயிற்று. கட்டைவிரலை வைத்து அளவு பார்த்தேன். என் விரல் அவருடையதைவிடச் சிறியது. இன்னும் கொஞ்சம் அகலப்படுத்த வேண்டும் என்று மறுபடி தாளை எடுத்தபோது, உள்ளேயிருந்த வெள்ளை ஊசி முனை அளவுக்குத் தெரிந்தது.

உடனே எனக்கு ஞானம் எதுவும் வரவில்லை. முதலில் வந்தது எரிச்சல். தேய்த்ததை மறுபடி சாயத்தில் போட்டால் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன். அடுப்பைப் பற்றவைத்துத் தண்ணீர் சூடாகிற நேரத்தில், அந்தப் பையன் கத்தியை வாங்கிக்கொண்டு முதலில் என்ன செய்வான் என்று யோசித்தேன். அப்பா மாதிரியே கட்டைவிரலை அந்த இடத்தில் வைத்துப் பார்ப்பான். வைத்தால் அங்கே இருப்பது அப்பா அல்ல. முப்பது வருஷப் பேச்சில் தேய்ந்த இடம் என்று நம்பி அவன் தொடப்போவது, ஒரு மத்தியானம் உப்புத்தாளை வைத்து நான் தேய்த்த இடத்தை. அவன் விரல் என் விரலில் போய்ப் படியும். அது அவனுக்குக் கடைசி வரையில் தெரியாது.

தெரியாவிட்டால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். வீட்டிலும் கேட்டார்கள்: "அவனுக்கு வேண்டியது அப்பா ஞாபகம். அது வந்துட்டாப் போதாதா?" இந்தக் கேள்வி லேசானது அல்ல. ஞாபகம் வரும்தான். நிஜப் பள்ளம் தரக்கூடிய அத்தனையையும் போலிப் பள்ளமும் தரும். எவ்வளவு நன்றாகச் செய்கிறேனோ அவ்வளவுக்குத் தரும். அனுபவத்தை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. வித்தியாசம் அவனுடைய அனுபவத்தில் இல்லை. நடந்ததில் இருக்கிறது. ஒரு மனிதன் தேய்த்தான், அல்லது தேய்க்கவில்லை. அதை நான் இப்போது எந்தச் சூட்டில் எத்தனை நிமிஷம் வைத்தாலும் மாற்ற முடியாது.

நரிக் கதைக்கு இங்கே திரும்ப வேண்டியிருக்கிறது. மழை பெய்து நீலம் கரைந்து நரி அகப்பட்டுக்கொண்டது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பஞ்சதந்திரத்தில் மழை கிடையாது. தூரத்தில் மற்ற நரிகளின் ஊளை கேட்கிறது, இதுவும் தன்னை மறந்து ஊளையிடுகிறது, செத்தது. நீலம் கடைசி வரையில் வெளுக்கவில்லை. இன்னும் கவனித்தால், தொட்டியில் விழுந்தது நரியின் குற்றமும் அல்ல. நாய் துரத்தி விழுந்தது. கடவுள் என்னை உங்களுக்கு ராஜாவாக அனுப்பியிருக்கிறார் என்று மற்ற மிருகங்களிடம் சொன்னதே, அங்கேதான் பொய் இருக்கிறது. சாயம் பாவம், அது நீலமாக இருந்தது, அவ்வளவுதான். எங்கிருந்து வந்தேன் என்று அது எதுவும் சொல்லவில்லை.

சிவந்த தகடும் எதுவும் சொல்லவில்லை. நான் சிவப்பாக இருக்கிறேன் என்கிறது, அது நிஜம். உப்புத்தாள் பள்ளம் ஒரு வாக்கியம். இங்கே ஒருவர் இருந்தார் என்கிறது. நிறத்தைக் கொடுக்க எனக்கு உரிமை இருந்தது. இறந்த காலத்தைக் கொடுக்க இல்லை. எழுத்திலும் இந்தக் கோடு இங்கேதான் ஓடுகிறது என்று இப்போது நினைக்கிறேன். எங்கிருந்தோ வந்த ஒரு தொனியில் தோய்ந்து எழுதுகிறவனை நான் இனிமேல் போலி என்று சொல்லத் தயங்குவேன். பட்டிராத காயத்தின் தழும்பை எழுதுகிறவன் விஷயம் வேறு. ஆனால் இரண்டையும் பிரித்தறிய வாசகனிடம் கருவி எதுவும் இல்லை என்பதையும் கூடவே சொல்லிவிட வேண்டும். எழுதியவனுக்கு மட்டும் தெரியும்.

தேய்த்த தகட்டை ஒதுக்கிவிட்டேன். இன்னொரு வெள்ளை ஜோடி வாங்கி, ஒன்றை அதே கலவையில் தோய்த்து, வழவழப்பாகவே சட்டத்தில் வைத்து அழுத்தினேன். ஒரு பக்கம் பழையது, ஒரு பக்கம் புதியது, நிறம் ஒன்று. உடைந்து, ஒட்டி, கோணலாகிப்போன தகட்டை ஒரு கவரில் போட்டேன்.

பையன் வந்தபோது இரண்டையும் கொடுத்தேன். வார்னிஷ் டப்பாவிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரியில் அவன் அப்பா கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சொன்னேன். அதுதான் சொல்லக் கஷ்டமாக இருந்தது. அவன் கவரிலிருந்த தகட்டை எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தான். பள்ளம் இருந்த இடத்தைத் தேடினான் என்று நினைக்கிறேன். பிறகு, "அந்த நிலைமைல அவர் கேட்டா நீங்க வேற என்ன சொல்லியிருக்க முடியும், மாமா?" என்றான்.

அன்பாகத்தான் சொன்னான். அன்று ராத்திரி முழுவதும் அந்த வாக்கியத்தை நான் என் பதிலுக்குப் பக்கத்தில் வைத்து வைத்துப் பார்த்தேன். மிக நன்றாகப் பொருந்தியது. வேறென்ன சொல்லியிருக்க முடியும் என்பதற்கு எனக்குப் பதில் தெரியும்: உடைச்சுட்டேன், மன்னிச்சுக்குங்க என்று சொல்லியிருக்க முடியும். அவர் சிரித்திருப்பார். கத்தி போனால் போகட்டும் என்றிருப்பார். அல்லது சொல்லாமலும் இருந்திருக்கலாம். எப்படியானாலும் அது அவர் சொல்லியிருக்க வேண்டியது. சொல்லும் சந்தர்ப்பத்தை அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டுவிட்டேன். பையன் அவன் பங்குக்கு ஒரு நிறத்தைக் கொடுத்தான். கொடுக்க அவனுக்கு உரிமை உண்டு. அதில் என்னைத் தோய்த்துக்கொள்ள எனக்கு உண்டா என்பதுதான் இன்னும் தீரவில்லை.